என் ஈரலும் என் மதினியும்

என் ஈரல் வேலையை நிறுத்தப்போகிறது என்ற செய்தி எனக்கும் டாக்டருக்கும் தெரிவதற்கு முன்னால், என்னுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, கரும்பலகையில் ‘மாணிக்கம் மாட்டை ஓட்டிச் சென்றான்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. என்னவென்று பார்த்தால், மாணிக்கம் மட்டும்தான் ஒழுங்காக நின்றான். மாடு பாதியிலேயே சரிந்து, ‘சென்றான்’ பலகையின் கீழ்ச் சட்டத்தைத் தாண்டிச் சுவரில் இறங்கியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை மாணிக்கமும் விழுந்துவிட்டான்.

ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அதற்கு இரண்டு மாதம் முன்பு திருமயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். அந்தப் பந்தியில் தண்ணீர் குடித்த எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேருக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம், சோற்றைக் கண்டாலே குமட்டல். நான்கு பேர் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, படுத்துக் கிடந்து எழுந்துவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் வரவிருந்தது. பத்தே நாளில் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். கண் மஞ்சள் போகவில்லை. பகலில் தூக்கம் தூக்கமாக வந்தது. பாவாடை நாடா இடுப்பில் எட்டாமல் போனது. ஏதோ நல்ல சேதிதான் என்று எதிர்வீட்டம்மா சொல்ல, நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை அம்மா கரும்பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பையை எடுத்து என் கையில் கொடுத்துப் பத்து மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டுக்காரர் அருளப்பன்.

நான் அவருடைய பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், தெரியாதவர் மாதிரி “எங்க எறங்கணும் டீச்சர்?” என்று கேட்பது அவருடைய வழக்கமான கேலி. அன்றைக்கும் கேட்டார். நான் யோசித்தேன். எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

“வெளையாடாத பிலோமி. எங்க போற?”

“தெரியலைங்க” என்றேன்.

அவர் விசிலை ஊதவும் மறந்து நின்றார். புதுக்கோட்டை வரைக்கும் அந்தப் பஸ்ஸில் யாருக்கும் ஒழுங்காக டிக்கெட் கிழிக்கவில்லை என்று பிறகு டிரைவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு டாக்டரம்மா. நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், வேகமாக நடப்பார். என்னை உட்கார வைத்து, “ரெண்டு கையையும் முன்னால நீட்டி, மணிக்கட்டை மேல தூக்குங்க. போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்துவாருல்ல, அது மாதிரி” என்றார். நீட்டினேன். என் கைகள் தாமாகவே விழுந்து விழுந்து எழுந்தன, குருவி இறக்கை அடிப்பது போல. நான் எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. குனிந்து என் மூச்சை முகர்ந்தார். வயிற்றைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே நீர் கோத்திருந்தது. எதிர்வீட்டம்மா சொன்ன நல்ல சேதி அதுதான். ரத்தம் எடுத்த இடத்தில் ஊசி எடுத்த பிறகும் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என் வீட்டுக்காரரிடம் விளக்கியதை, அன்றைக்கு எனக்குப் புரியாவிட்டாலும், பிறகு வீட்டுக்காரர் நூறு தடவை பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“நீங்க கண்டக்டரா? அப்ப ஒங்களுக்குச் சுலபமா புரியும். ஈரல்தான் ஒடம்புக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர். சாப்பாடு குடல்ல செரிக்கும்போது சில விஷம் உண்டாகும். கறி, முட்டை, பால், பருப்புலேர்ந்துதான் அதிகம். நல்ல ஈரலா இருந்தா அதையெல்லாம் பிடிச்சு எறக்கிவிட்டுரும். இவங்களுக்குக் காமாலையில ஈரல் படுத்துருச்சு. டிக்கெட் இல்லாத ஆளெல்லாம் நேரா மூளைக்குப் போயிர்றாங்க. அதுதான் இந்தக் குழப்பம், இந்தக் கை நடுக்கம். ரத்தம் ஒறையறதுக்கு வேண்டிய பொருளைச் செய்யறதும் ஈரல்தான். அதான் கசியுது.”

“இன்ஸ்பெக்டரை எழுப்ப மருந்து இருக்காங்க?”

“அதுக்குன்னு மருந்து கிடையாது. தானாத்தான் எழுந்திரிக்கணும். ஆனா ஈரலுக்கு மறுபடி வளர்ற சக்தி உண்டு. அது எழுந்திரிக்கிற வரைக்கும் நாம பஸ்ஸுல கூட்டம் ஏத்தாம பாத்துக்கணும். வைத்தியம்னா அவ்வளவுதான். இன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்ச வழி இது.”

கூட்டம் ஏற்றாமல் இருப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கை நரம்பில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கும். குடலில் எதுவும் தங்காமலிருக்கத் தினமும் எனிமா. குடலில் விஷம் உண்டாக்கும் கிருமிகளை அடக்க ஒரு மாத்திரை. ரத்தம் உறைவதற்கு ஓர் ஊசி. சாப்பாடு என்றால் சர்க்கரை போட்ட கஞ்சித் தண்ணீரும் சாத்துக்குடிச் சாறும். நீர் கோத்ததால் உப்பு அறவே கூடாது. தூக்க மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது. பிறகு, தினமும் காலையில் ஒரு நோட்டில் என் பெயரை எழுதி, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரைய வேண்டும். மூளை தெளிகிறதா, மங்குகிறதா என்பதைக் கை முதலில் காட்டிக்கொடுத்துவிடுமாம். என்னுடைய மாணிக்கம் விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

இனி என் மதினியைப் பற்றி. என் வீட்டுக்காரரின் அக்கா சூசையம்மாள். சிறு வயதிலேயே புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டோடு இருந்தார். எங்கள் இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. என் சமையல் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதைச் சொல்வதானாலும் என் வீட்டுக்காரர் வழியாகத்தான். “அருளு, ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு.” நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். “என்னங்க, நாளைக்கு வாங்குவோம்னு சொல்லுங்க.” அவர் நடுவில் நின்று பாவமாக விழிப்பார்.

என் அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லை. மதினி ஒரு தகரப் பெட்டியோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போனதும், நடுவில் ஆள் இல்லாமல் போய்விட்டது. மதினி கொஞ்ச நேரம் யோசித்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைப் பார்த்துப் பேசினார்: “தலகாணி சரிஞ்சு கெடக்கு. தூக்கி வைக்கலாமான்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.”

நானும் கம்பியிடமே சொன்னேன்: “வைக்கலாம்.”

பக்கத்துக் கட்டிலில் கால் எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தவர் கதீஜா பீவி. கோட்டைப்பட்டினத்துக்காரர். கரையில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தவர். இரண்டு நாள் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, அந்தக் கம்பிக்குக் காது செவிடாயிரப் போகுது. நேராப் பேசிக்கங்களேன்.” வார்டே சிரித்தது. நாங்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் என் நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் வந்தது. டாக்டரம்மா நோட்டை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு தூக்குவாளியோடு வந்தார். மதினி துணி துவைக்கப் போயிருந்த நேரம். அவர் குரலைத் தாழ்த்தி, “ஆட்டு ஈரல் சூப்பு. ஈரலுக்கு ஈரல்தான் பலம்னு டிரைவர் சொன்னாரு. சீக்கிரம் குடி” என்றார். அவ்வளவு அன்போடு யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. அதில் உப்பும் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அடுத்த நாள் நடந்தது எனக்கு நினைவில்லை. கதீஜா பீவி சொல்லிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

காலையில் நான் எழுந்து உட்கார்ந்து, காய்ச்சல் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஜர் எடுக்க ஆரம்பித்தேனாம். “அந்தோணிசாமி!” பதில் இல்லை. “அந்தோணிசாமி!” என் குரலில் அழுகை வந்துவிட்டதாம். அப்போது மூலைக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா, “உள்ளேன் டீச்சர்” என்றாராம். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கருப்பையா!” “உள்ளேன் டீச்சர்.” “லூர்துமேரி!” “உள்ளேன் டீச்சர்.” வயிற்றுப்புண்காரர், ஆபரேஷன் முடிந்து முனகிக்கொண்டிருந்தவர் எல்லோரும் ஆளுக்கொரு பிள்ளையானார்கள். “சவரிமுத்து!” என்றபோது ஆள் பற்றவில்லை. கதீஜா பீவி, “அவனுக்குக் காச்சல் டீச்சர், லீவு லெட்டர் குடுத்துவிட்டுருக்கான்” என்றாராம். நான் அதையும் அட்டையில் குறித்துக்கொண்டேனாம்.

அந்த நேரத்தில் டாக்டரம்மா உள்ளே வந்தார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்து, “ஏன் லேட்டு?” என்று கேட்டேன்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர்” என்றார் அவர். வார்டு சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டே போய், தாளை விட்டு இறங்கி, போர்வையிலும் போட்டேன்.

“நேத்து என்ன சாப்பிட்டாங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். மதினிக்குத் தெரியவில்லை. பதினொரு மணிக்கு வந்த என் வீட்டுக்காரர், கேட்ட உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லையாம். “ஆசையாக் கொண்டுவந்துட்டீங்க. இனிமே கொண்டுவராதீங்க. ரெண்டு நாள் பாக்கணும்” என்று மட்டும் சொன்னார். அந்த ‘ரெண்டு நாள்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மத்தியானத்துக்குள் நான் கூப்பிட்டாலும் கண் திறக்காத தூக்கத்துக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் பங்குச் சாமியாரைக் கூட்டிவரப் போனார். சாமியார் சைக்கிளில் இருபது மைல் மிதித்து, வேர்த்து வழிய, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற மந்திரித்த எண்ணெயோடு வந்து நின்றார். மதினி கதவை மறித்துக்கொண்டு, “சாமி, கொஞ்சம் இங்கிட்டே நில்லுங்க. இப்பத்தான் எனிமா குடுத்துருக்கு” என்றார். சாமியார் நல்ல மனுஷர். “அது முதல்ல முடியட்டும்மா” என்று வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கை போட்டுக்கொண்டாராம். பிறகு வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். கதீஜா பீவியும் தன் கட்டிலிலிருந்தே கையேந்தித் துவா கேட்டார்.

அந்த நாட்களில் மதினி என்னைப் பக்கம் மாற்றிப் புரட்டிப் படுக்கவைத்தார், வாயைத் துணியால் துடைத்தார், எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணினார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு யார் வந்தாலும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். எங்கள் தலைமையாசிரியை கொண்டுவந்த அவித்த முட்டைகள், ஊர்க்காரர்களின் பால் சொம்பு, எல்லாம் வாசலோடு திரும்பின. சொந்தத் தம்பியையே சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாராம்.

மூன்றாம் நாள் பிற்பகல் கண் திறந்தேன். ஜன்னலில் வெயில். பக்கத்தில் மதினி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நாக்கு மரமாக இருந்தது.

“மதினி, காப்பி” என்றேன்.

அவர் கையிலிருந்த பழம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. என்னை உற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காப்பில பால் இருக்கு. கெடையாது” என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. கதீஜா பீவி தொங்கிய காலோடு கை தட்டினார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா ஓடி வந்து, “நான் யாரு, சொல்லுங்க?” என்றார். “டாக்டர்.” “இது என்ன இடம்?” “ஆஸ்பத்திரி.” அவர் வராந்தாப் பக்கம் திரும்பி, “கண்டக்டர் சார், உள்ள வாங்க. இன்ஸ்பெக்டர் எழுந்திரிச்சிட்டாரு” என்றார். என் வீட்டுக்காரர் வந்து என் காலடியில் நின்று விம்மி விம்மி அழுதார். “என்னங்க, நான் எறங்க வேண்டிய எடம் வந்துருச்சான்னு நெனச்சீங்களா?” என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.

அன்றைக்கு மதினி என்னிடம் சொன்னார்: “சூப்பு குடிச்சு ஒளறுனப்ப ஒன் வாயிலேர்ந்து தேனா ஒழுகுச்சு. ‘எங்க மதினி சுடுற தோசை மாதிரி திருச்சி ஜில்லாவுலயே கெடையாது’ன்னு நர்ஸம்மாகிட்டச் சொன்ன.”

“நெனவு இல்லாம சொன்னது மதினி.”

“அதான் நெசம்” என்றார். மறுக்க வழியில்லை. உண்மையிலேயே அவர் தோசை அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரமும் எனக்குத் திருவிழா மாதிரி. தினமும் காலையில் டேப்பை வைத்து வயிற்றை அளப்பார்கள். “முக்கால் இஞ்சு கொறஞ்சிருக்கு” என்று நர்ஸம்மா சொன்னால் வார்டு ஆரவாரம் செய்யும். சிறுநீர் காப்பி நிறத்திலிருந்து டீ நிறமாகி, ஒருநாள் தண்ணீர் நிறமானபோது, அதைப் பற்றி நாங்கள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசுவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க முடியாமல் நான் தவித்தபோது, மதினி தானும் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. பருப்பை ஒரு கரண்டி கொடுத்து இரண்டு நாள் பார்த்தார்கள். நட்சத்திரம் சிதையவில்லை. அடுத்து இரண்டு கரண்டி. அந்த வெறும் பருப்புத் தண்ணீரின் ருசியை எந்தக் கல்யாண விருந்திலும் இனி நான் பார்க்க மாட்டேன்.

மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நோட்டைத் தினமும் வாங்கிப் பார்த்துப் பார்த்து, டாக்டரம்மா வருவதற்கு முன்பே, “இன்னைக்கு ஒரு காலு கோணலு. நேத்து எனிமா சரியாப் போகல, அதான்” என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் மூன்றாம் நம்பர் கட்டிலில் இருந்த குடுமியான்மலைக்காரம்மா, என்னைப் போலவே ஈரல் நோய்க்காரர், சீப்பை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். மதினி சிரிக்காமல் எழுந்துபோய், “கையை நீட்டு ஆத்தா, பஸ்ஸை நிறுத்துற மாதிரி” என்றார். கை குருவியாக அடித்தது. மதினி ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா என்னைப் போல மூன்று நாள் தூக்கத்துக்குப் போகவில்லை, சாயங்காலமே தெளிந்துவிட்டார்.

டாக்டரம்மா மதினியைக் கூப்பிட்டு, “இதை ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?” என்றார்.

“நீங்கதான் எந்தம்பி பொண்டாட்டிக்குப் பாத்தீங்களே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார் மதினி, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

நான் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில், பெரிய நர்ஸம்மா வந்து மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வார்டு ஆயா வேலை ஒன்று காலியாக இருக்கிறது. தங்க இடம் உண்டு. டாக்டரம்மா இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். மதினி என்னைப் பார்த்தார். நாற்பது வயதுவரை அவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

“வீட்டை யாரு பாத்துக்குவா? நீ இன்னும் எளைச்சுத்தான் கெடக்க” என்றார்.

“நான் பாத்துக்கிறேன் மதினி. வேலைக்குப் போனா என்ன தப்பு?” என்றேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. இரண்டு வருஷச் சண்டை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர்தான் கலங்கிப்போனார். “அக்கா இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குமே” என்றார்.

“வாரத்துக்கு ஒருக்கா ஒன் பஸ்ஸுல வாரேன்டா. ஓசியில இல்ல. டிக்கெட் எடுத்துத்தான் வருவேன்” என்றார் மதினி.

வாசல்வரை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நர்ஸம்மா கொடுத்த ஆயா வெள்ளைப் புடவை அவர் மேல் மொடமொடவென்று இருந்தது. கஞ்சி, பருப்பு, உப்பு, ஓய்வு என்று நான் ஒரு வருஷத்துக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் முடியவில்லை. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்:

“சூசையம்மா, ஏழாம் நம்பருக்குத் தண்ணி!”

“இந்தா வாரேன்!” என்றவர் என் கையை விட்டார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டாக்டரம்மா மாதிரியே வேகமாக, வராந்தாவில் நடந்து போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் புது ஆயா போன திசையையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம். எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.